சீமாட்டியை வரைந்த கை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. எனக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால், அந்தச் சீமாட்டியை வரைந்தது யார் என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. படிக்கிறவர்களுக்கு இது தற்பெருமையாகத்தான் தோன்றும். தோன்றட்டும். பெருமைப்பட்டுக்கொள்ள நமக்கெல்லாம் அடிக்கடியா வாய்ப்பு வருகிறது?

கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் நாற்பது நிமிடம் போனால் குன்றின் மேல் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏதோ பெரிய பணக்காரர் வாழ்ந்த வீடு. ஐரோப்பாவிலிருந்து அவர் வாங்கிக் குவித்த கடிகாரம், பீங்கான், படம் எல்லாவற்றையும் வீட்டோடு சேர்த்து ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் வாலன்டியராகச் சேர்ந்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக். அவ்வளவுதான்.

"இதுக்குப் போயி நாப்பது நிமிஷம் டிரைவ் பண்ணணுமா?" என்று கேட்டார் என் கணவர். ஈரோட்டுக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எதையும் நேரத்தை வைத்து அளப்பவர். "வீட்லயே ரெஸ்ட் எடுக்கலாம்ல?"

"ஒம்பது வருஷமா ரெஸ்ட்தான எடுத்துட்டு இருக்கேன்" என்றேன்.

அந்த ஒன்பது வருடக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பல் மருத்துவம் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி டெக்ஸாஸில் ரவுண்ட் ராக்குக்கு வந்தேன். கணவரின் விசாவை ஒட்டிக்கொண்டு வந்தவள் வேலைக்குப் போக முடியாது. சரி, அதற்குள் இங்கே பிராக்டீஸ் பண்ணத் தேவையான பரீட்சைகளை முடித்துவிடலாம் என்று, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு என் பட்டத்தை அனுப்பினேன். பட்டம் ஒருவருடையது, பாஸ்போர்ட் வேறொருவருடையது, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவும் என்று பதில் வந்தது.

விஷயம் இதுதான். பட்டத்தில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயர் இருக்கிறது. நம் ஊரில் இதைச் சின்னக் குழந்தைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. இவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, நோட்டரி வாக்குமூலம், அப்பாவின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒன்றை அனுப்பினால் இன்னொன்றைக் கேட்டார்கள். நடுவில் மகள் பிறந்தாள், கலிபோர்னியாவுக்கு மாறினோம், என் ஃபைலை மூடிவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், "இவ டென்டிஸ்ட்டுங்க, கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுட்டா" என்றுதான் என்னை அறிமுகம் செய்தார்கள். பெற்ற அம்மாவும் சொந்தக்காரர்களிடம் அப்படியேதான் சொன்னாள்.

இனி மியூசியத்துக்கு வருகிறேன். மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், உள்ளங்கைக்குள் அடங்கும் படங்களை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டு. இன்று நாம் செல்போனில் குடும்பத்துப் படங்களை வைத்துக்கொண்டு அலைவது போல, அன்றைய பணக்காரர்கள் வேண்டியவர்களின் முகத்தைச் சின்னதாக வரையச் சொல்லி, கழுத்திலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்வார்களாம். அந்தப் பெட்டியின் நடுநாயகமாக இருந்தவள்தான் என் சீமாட்டி. பிரபு குடும்பத்துப் பெண். பருப்பு வடை அளவில் ஒரு முட்டை வடிவப் படம். மாவு தூவி உயர்த்திக் கட்டிய கூந்தல், நீலப் பட்டு, காதில் ஒற்றை முத்து. அவள் யார், யாருடைய மனைவி, எத்தனை ஊருக்குச் சொந்தக்காரி என்பதெல்லாம் விளக்க அட்டையில் விவரமாக இருந்தது. ஓவியர் பற்றி மட்டும் ஒரே வரி: பெயர் தெரியாத ஓர் ஆண் கலைஞர்.

மியூசியத்தின் பொருள்களுக்கெல்லாம் பொறுப்பாளரான க்யூரேட்டர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அறுபது வயது அமெரிக்கப் பெண்மணி. பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்லியிருந்தார். என் அம்மா வயது அவருக்கு. எப்படிக் கூப்பிடுவது? அதனால் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், எதிரில் போய் நின்று லேசாக இருமுவேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன். எனக்கு நிரந்தரமாகச் சளி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது பின்னால்தான் தெரிந்தது.

முதல் நாள் அவர், இந்தப் படங்கள் யானைத் தந்தத்தின் மெல்லிய சீவல் மேல் வரையப்பட்டவை என்று சொன்னபோதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தந்தம் என்றால் என்ன? யானையின் பல். வழவழப்பான பல்லின் மேல் நீர்வண்ணம் ஒட்டாது. ஆகவே ஓவியர்கள் முதலில் நுரைக்கல் பொடி போட்டுத் தேய்த்து, பிசுக்கை எடுத்து, மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கிக் கொண்டார்களாம். ஒரு பல்லை அடைப்பதற்கு முன்னால் நாங்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்வோம். இருநூறு வருடங்களுக்கு முந்தைய யாரோ ஒருவர் திடீரென்று என் தொழில்காரர் ஆகிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டே வந்தேன்.

அதிலிருந்து அந்த அறைக்கு வந்தாலே என் குரல் ஏறிவிடும். சீமாட்டியின் உதடு முழுதாக மூடியிருக்காது. நூலளவு திறந்திருக்கும். "கவனித்தீர்களா, மேல்வரிசைப் பல் முன்னால் தூக்கியிருக்கிறது. அதனால்தான் உதடு சேரவில்லை. இன்றைய காலமாக இருந்தால் கம்பி கட்டிச் சரிசெய்திருப்போம்" என்று ஒரு வருடம் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். கூட்டமும் ஆஹா என்று தலையாட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்வையாளர்களே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்து அலமாரியின் அடியில் போட்டு வைத்திருந்த, பல் வேலைக்கான பூதக்கண்ணாடியை அன்று எடுத்துப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொள்வது. அதைப் போட்டுக்கொண்டு சீமாட்டியின் முகத்துக்கு நேரே குனிந்தேன். கன்னத்து நிழல், தோளுக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறம் எல்லாமே மயிரிழைக் கோடுகள், ஆயிரக்கணக்கில். அத்தனையும் மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

எனக்கு அது பழகிய சாய்வு. நான் இடது கைக்காரி. வலது கைக்காரர் இழுத்தால் கோடு எதிர்ப்பக்கம் சாயும். கல்லூரியில் எல்லா நாற்காலியும் வலது கைக்காரர்களுக்கென்றே செய்தவை. இடுப்பை ஒடித்து வளைத்துத்தான் தொழிலைக் கற்றேன். "பீச்சாங்கை டாக்டர்" என்று பின்னால் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு பல்லைப் பார்த்து, இதை அடைத்தது எந்தக் கை என்று என்னால் சொல்லிவிட முடியும். கையெழுத்தை மறைத்தாலும் கை மறையாது.

அப்படியே கண்ணைப் பெட்டியின் மூலைக்குத் திருப்பினேன். அங்கே இன்னொரு படம். சிவப்புச் சட்டை போட்ட ஓர் இளம் ராணுவ அதிகாரி. அதே சாய்வு. அது மட்டுமா? அதிகாரியின் கண்மணியில் மின்னும் வெள்ளைப் புள்ளி வண்ணத்தால் வைத்தது அல்ல, ஊசி முனையால் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தது. சீமாட்டியின் கண்ணிலும் அதே சுரண்டல்தான்.

அதிகாரியின் விளக்க அட்டையைப் படித்தேன். அதை வரைந்தவள் ஒரு பெண். ஒரு பொற்கொல்லரின் மகள், பெயரோடு குறிப்பிட்டிருந்தார்கள். கடைசி வரி இப்படி முடிந்தது: திருமணத்துக்குப் பின் ஓவியத்தைக் கைவிட்டார்.

எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. அதே வாக்கியம்! என் அம்மா சொல்லும் அதே வாக்கியத்தை இங்கே ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த கையொப்பங்களைப் பார்த்தேன். இரண்டிலும் இரண்டிரண்டு எழுத்துகள். முதல் எழுத்து இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது எழுத்து மட்டும் வேறு. வேறு எழுத்து என்பதால் வேறு ஆள் என்று முடிவுகட்டி, சீமாட்டியை முகம் தெரியாத ஓர் ஆணுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பார்த்த நொடியிலேயே புரிந்துவிட்டது. அவள் கைவிடவில்லை. இனிஷியல் மாறிவிட்டது, அவ்வளவுதான். சீமாட்டியை அவளுக்கு வாங்கிக் கொடுத்து, அந்தக் கடைசி வரியையும் பிடுங்கி எறியாமல் விடுவதில்லை என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

க்யூரேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆத்திரத்தில் எழுதினாலும், பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய நடைதான் கைக்கு வந்தது. மதிப்பிற்குரிய அம்மையீர் என்று தொடங்கி, ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று முடித்திருந்தேன். அடுத்த நாள் அவர் பதறிப்போய் என்னைத் தேடி வந்தார். நான் வேலையை விடுகிறேன் என்று எழுதியிருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

விஷயத்தை நேரில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். இந்த நாட்டில் ஒருவர் இன்ட்ரஸ்டிங் என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு, இடது கைக்காரர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு என்றார். தந்தச் சீவலைத் திருப்பி வைத்து வரைந்தால் கோட்டின் சாய்வும் மாறிவிடும் என்றார். ஒரே முதல் எழுத்துள்ள பெயர்கள் ஆயிரம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

விட்டேனா? நான்கு மாதம், மியூசியம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் அனுமதி வாங்கிப் போனேன். என் பூதக்கண்ணாடி வழியாகவே செல்போனில் படம் எடுத்தேன். மூக்கு, காது, கண், உதட்டு ஓரம் என்று இரண்டு முகங்களையும் துண்டு துண்டாக அடுத்தடுத்து வைத்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அந்தப் படங்கள்தான். கணவர் ஒரு நாள் தட்டை வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டார்.

"சரி, அந்தம்மாதான் வரைஞ்சாங்கன்னே வெச்சுக்குவோம். அவங்களே போய்ச் சேர்ந்து எவ்ளோ வருஷமாச்சு. இப்ப பேர் போட்டா என்ன, போடாட்டி என்ன?" என்றார்.

"எனக்கு வேணும்" என்றேன். "அவ விட்டுட்டான்னு எழுதி வெச்சிருக்காங்கப்பா. விடாதவளப் போய் விட்டுட்டான்னு சொன்னா எப்படி?"

அவர் தட்டை சிங்க்கில் போட்டுவிட்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து, என் படங்களையெல்லாம் ஒரே அளவில் வெட்டி வரிசைப்படுத்திக் கொடுத்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் படங்களின் கட்டை வாங்கிப் பார்த்த க்யூரேட்டர் இந்த முறை இன்ட்ரஸ்டிங் என்று சொல்லவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீமாட்டியின் மேல் இருந்த பழைய கண்ணாடி உள்பக்கம் வியர்த்து மங்கிக்கொண்டே வந்ததால், அதைத் துடைக்க எப்படியும் சட்டத்தைத் திறந்தாக வேண்டும் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. பழைய படங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் அடுத்த மாதம் வருகிறார், திறக்கும்போது நீயும் கூட இரு என்றார். "தேங்க் யூ மேடம்" என்றேன். இருமாமல் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அன்று மேஜையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். பழுதுபார்ப்பவர் மெல்லிய கத்தியால் பித்தளைச் சட்டத்தின் பின்மூடியை நெம்பினார். அவர் கை ஆடவே இல்லை, அதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூடி வந்தது. தந்தச் சீவல் வளையாமலிருக்க, சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றை அதே வடிவத்தில் வெட்டி அடியில் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சீட்டுகளுக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருக்குமாம். அந்த வெள்ளையில் பழுப்பு மையில் நான்கு வரி எழுதியிருந்தது, இடப்பக்கமாகச் சாய்ந்த எழுத்தில்.

க்யூரேட்டருக்குப் பிரெஞ்சு தெரியும். முதல் வரியைப் படித்து எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: பதினோரு முறை எதிரே உட்கார்ந்தார். இரண்டாவது வரியைப் படித்ததும் சிரித்துவிட்டார். பதினோரு முறையும் சீமாட்டி ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே உறைத்தது. தூக்குப் பல்லும் இல்லை ஒன்றும் இல்லை, அந்த மகராசி பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள்! ஒரு வருடமாக நூற்றுக்கணக்கான பேரிடம் அவள் வாயைப் பற்றி நான் அளந்ததெல்லாம் தப்பு. பல் டாக்டரிடம் உட்காருகிறவர்கள் பேச முடியாது. அந்தப் பழக்கத்தில், திறந்த வாயைப் பார்த்தால் பேச்சு என்றே எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வரியில் வரைந்தவளின் பெயர், கணவன் வீட்டுப் பெயரோடு. நான்காவது வரியை க்யூரேட்டர் இரண்டு முறை வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இன்னாருடைய மகள்" என்று எழுதியிருக்கிறது என்றார். பொற்கொல்லரின் பெயர்தான்.

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். பழுதுபார்ப்பவர் படத்தின் மேல் கண்ணீர் விழுந்துவிடுமோ என்று அதை மெதுவாகத் தள்ளி வைத்துக்கொண்டார். தன் அப்பா பெயரையும் விடாமல், வந்த பெயரையும் தள்ளாமல், யாரும் பார்க்காத இடத்தில் அவள் இரண்டையும் எழுதி மூடியிருக்கிறாள். எந்த அலுவலகமும் அவளிடம் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறாள். அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை நினைத்தும்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி கண்ணு, அந்தப் பொம்பளைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள்.

"இனிஷியல் மாறுன சம்பந்தம்மா" என்றேன். அம்மா, தன் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் தாத்தாவின் இனிஷியல்தான் இருக்கிறது, அதை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்றாள்.

கடைசிச் சண்டை விளக்க அட்டையில் வந்தது. சீமாட்டியின் அட்டையில் ஓவியரின் இரண்டு பெயர்களையும் போட க்யூரேட்டர் சம்மதித்தார். அதிகாரியின் அட்டையில், திருமணத்துக்குப் பின் ஓவியத்தைக் கைவிட்டதாக நீண்ட காலம் கருதப்பட்டது என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். மியூசியம் தன் தவறையும் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை என்றார். உங்கள் தவறை உங்கள் ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள், அவள் படத்துக்குக் கீழே எதற்கு என்றேன். சொன்ன பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார். புதிய அட்டையில் அந்த வரி இல்லை.

அட்டை மாறிய பிறகு வந்த முதல் கூட்டம், எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் டப்ளினிலிருந்து. நம்மவர்கள், பன்னிரண்டு பேர், எல்லாம் அங்கிள் ஆன்ட்டிகள். மியூசியத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று சொன்னதால், பார்க்கிங்கில், வரவேற்கப் போன என் முன்னாலேயே டப்பாவைத் திறந்து முறுக்கை முடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். சீமாட்டியின் எதிரில் நிறுத்தி, அவள் வாயைப் பற்றி நான் உளறியது உட்பட எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். கைதட்டினார்கள். ஓர் அங்கிள், "சூப்பர்ம்மா, நம்ம பொண்ணு!" என்று சத்தமாகச் சொல்ல, காவலாளி எட்டிப் பார்த்தார்.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தபோது ஓர் ஆன்ட்டி மட்டும் என் பக்கத்தில் நின்றார். பட்டுப் புடவை, மேலே ஸ்வெட்டர், ஆறுதலான முகம்.

"ஊர்ல பல் டாக்டரா இருந்தியாமே? கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுட்டியாக்கும். என்னம்மா பண்றது, நம்ம பொண்ணுங்க பொழப்பே அப்டித்தான்" என்று என் தோளைத் தட்டினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"விடல ஆன்ட்டி" என்றேன். "பேப்பரெல்லாம் திரும்ப அனுப்பிருக்கேன். அது வர்றப்ப வரட்டும். நீங்க முறுக்கு சாப்பிட்டப்பப் பாத்தேன், எல்லாத்தையும் இடது பக்கமே மென்னீங்க, தண்ணி குடிச்சதும் முகத்த சுளிச்சீங்க. வலது பக்கம் கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல்லு. ஜில்லுன்னு எது பட்டாலும் சுர்ருனு இழுக்குது. ரெண்டு வாரம் இருக்குமா?"

ஆன்ட்டியின் கை என் தோளை விட்டு மெல்ல மேலே போய், வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டது.